வாய் அசையுது, வசனம் இல்லை! – ஹோம் தியேட்டர் ரிசீவர் பூட்டுவோருக்குச் சில குறிப்புகள்



“ஐயா, மகன் கட்டார்ல இருந்து கொண்டாந்த செட்டு பாடமாட்டேங்குது. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க.”

இப்படி என்னை வழியில் மறித்துக் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு லயத்தில் ஒரு றேடியோ இருந்தால் பெரிய விஷயம். பிறகு கசற் செட் வந்தது, டெக் வந்தது, டி.வி.டி. வந்தது. இப்போது வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளும் கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகளும் ஊர் திரும்பும்போது ‘ஹோம் தியேட்டர்’ என்று ஐந்தாறு ஸ்பீக்கரோடு பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக் கொண்டு வருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க ஓட்டை. எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்று தெரியாமல் குழம்பி, கடைசியில் கடைக்குக் கொண்டு போய், கடைக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கே 2021 மார்ச் வரை காத்திருந்தவர்கள் நாம். அந்தக் காசு சும்மா போகலாமா? அதனால்தான் இம்முறை இதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. சாதாரண தரம் வரை படித்தவன். பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்க எனக்குத் தெரியாது. நீங்களும் வைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே சில பாகங்களில் கரண்ட் தேங்கி நிற்கும், அடித்தால் பலமாக அடிக்கும். பெட்டிக்கு வெளியே நின்று செய்யக்கூடியதை மட்டும் இங்கே சொல்கிறேன். ‘போட் போய்விட்டது’ என்று சொல்லப்பட்ட பெட்டிகளில் நான் பார்த்த அநேகமானவற்றில் பிழை வெளியேதான் இருந்தது.

தம்பலகாமத்து அத்தானின் செட்

எனக்குச் சொந்த ஊர் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிற ஊர். தைப்பொங்கல் கழிந்து சில நாளில் லீவில் போயிருந்தேன். அக்கா வீட்டில் கால் வைத்ததும் முதல் பேச்சே இதுதான்.

“தம்பி, கனடாவில இருந்து மகள் அனுப்பின செட்டு. பாட்டு வருது, வெடிச் சத்தம் வருது, கதைக்கிறது மட்டும் வருதில்ல. கடையில காட்டினோம். போட் போட்டுது, 35,000 முடியும் எண்டு சொல்லுறாங்க. என்ன செய்யிற?”

அத்தானுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. உழவு மெசின் சத்தத்திலேயே காலம் போனவர், காது மந்தம். அவருக்கு ரி.வி.யில் வசனம் விளங்குவதில்லை என்றுதான் மகள் இதை வாங்கி அனுப்பினாள். அவர் சொன்னார்: “மச்சான், வாய் அசையுது, வசனம் இல்ல. ஊமைப் படம் பாக்கிற மாதிரிக் கிடக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் மனவருத்தம் முகத்தில் தெரிந்தது.

நான் பழைய பாசமலர் படத்தைப் போடச் சொன்னேன். 1961-ல் வந்த படம். அந்தக் காலத்துப் படங்களில் ஒலி எல்லாம் ஒரே தடம்தான், அதை ‘மோனோ’ என்பார்கள். போட்டால், வசனம் மட்டுமல்ல, பாட்டும் இல்லை. ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு முனகல். அங்கேதான் எனக்கு ஓரளவு பிடிபட்டது.

இந்த மாதிரி செட்டுகளை 5.1 என்பார்கள். ஐந்து ஸ்பீக்கர், அதோடு அடித்தொனிக்கு என்று தனியாக ஒரு சப் வூஃபர். ஐந்தும் ஒரே சத்தத்தைப் பாடுவதில்லை. முன்னால் இடம் வலம் இரண்டும் பாட்டுக்கும் இசைக்கும். பின்னால் இரண்டும் மழை, காற்று, கூட்டத்து இரைச்சல் போன்றவற்றுக்கு. நடுவில் ரி.வி.க்குக் கீழே வைக்கிற ‘சென்டர்’ ஸ்பீக்கர்தான் வசனத்துக்கு. ஆட்கள் கதைக்கிறது பெரும்பாலும் அதில்தான் வரும். ஒரே தடமுள்ள பழைய படத்தை ரிசீவர் ‘டொல்பி புரோ லொஜிக்’ போன்ற முறையில் பிரித்துப் போட்டால் முழுச் சத்தமும் அந்த நடு ஸ்பீக்கருக்கே போய்விடும். ஆகவே புதுப் படத்தில் வசனம் மட்டும் இல்லை, பழைய படத்தில் எதுவுமே இல்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது அந்த ஒரு ஸ்பீக்கரைத்தான்.

ரி.வி. மேசையை இழுத்துப் பார்த்தேன். சென்டர் ஸ்பீக்கரின் வயர் தரையில் கிடந்தது. பொங்கலுக்கு வீடு கூட்டித் துடைத்தபோது இழுபட்டிருக்க வேண்டும். நுனியைப் பார்த்தால் பச்சைக் களிம்பு. எங்கள் ஊர் கடல் குடாவுக்குக் கிட்ட, உப்புக்காற்று. மாரியில் ஈரமும் சேர்ந்தால் செம்புக் கம்பி மூன்று நான்கு மாதத்தில் களிம்பு ஏறிவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, நுனியை அரை அங்குலம் வெட்டி, புதிதாகத் தோல் உரித்து, முறுக்கிப் பூட்டினேன். சிவாஜியின் குரல் கூடமெல்லாம் கேட்டது. அக்கா குசினியில் இருந்து ஓடி வந்தாள்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அக்காவின் மகன் கடைக்குக் கொண்டு போனது ரிசீவரை மட்டும். ஸ்பீக்கரையும் வயரையும் வீட்டிலேயே விட்டுவிட்டான். அங்கே இரண்டு ஸ்பீக்கர் பூட்டிப் பார்த்திருப்பார்கள். ரிசீவரோ சென்டர் ஸ்பீக்கர் இருக்கிறது என்று நினைத்து வசனத்தை அந்தப் பக்கமே அனுப்பிக் கொண்டிருக்கும். கடையிலும் அதே ஊமைப் படம்தான். போட் பிழை என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்?

இதைக் கண்டுபிடிக்க இன்னும் லேசான வழியும் உண்டு. அநேகமாக எல்லா ரிசீவரிலும் ‘டெஸ்ட் டோன்’ என்று ஒன்று இருக்கும். ரிமோட்டிலோ ஸ்பீக்கர் செட்டப் என்ற இடத்திலோ பாருங்கள். அதை அழுத்தினால் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். எதில் வரவில்லையோ அந்த ஸ்பீக்கரின் வயரைப் பாருங்கள். வயர் சரி என்றால் வேலை செய்கிற ஸ்பீக்கர் ஒன்றை அந்த இடத்தில் பூட்டிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால்தான் பெட்டியைச் சந்தேகிக்கலாம். ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாதாரண டோர்ச் பற்றரி போதும். ரிசீவரில் இருந்து கழற்றிய வயரின் இரண்டு நுனியையும் பற்றரியின் இரண்டு முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் ‘டக்’ என்று கேட்கும்.

சென்டர் ஸ்பீக்கரே இல்லாத வீடுகளும் உண்டு. அப்படியானால் ஸ்பீக்கர் செட்டப்பில் சென்டர் என்ற இடத்தில் ‘நன்’, அதாவது இல்லை, என்று போட வேண்டும். அப்போது ரிசீவர் வசனத்தை இடம் வலம் இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். இந்த ஒரு சின்ன விஷயம் தெரியாமல் எத்தனை பேர் நல்ல பெட்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்களோ!

அத்தானுக்கு இன்னும் இரண்டு வேலை செய்தேன். சென்டர் ஸ்பீக்கரின் அளவை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். அடுத்தது ‘நைட் மோட்’. சில செட்டில் வேறு பெயரில் இருக்கும். அதைப் போட்டால் பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்னச் சத்தத்தைக் கூட்டித் தரும். வெடிச் சத்தம் வீட்டைத் தூக்காது, மெதுவாகக் கதைப்பதும் கேட்கும். காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீட்டில் இந்த இரண்டையும் செய்து பாருங்கள். மொத்தச் சத்தத்தைக் கூட்டுவது அவர்களுக்கு உதவாது.

பிளக்கைக் குத்துமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியதை நான் இரண்டாவதாகச் சொல்கிறேன். மன்னிக்கவும்.

நமது நாட்டில் கரண்ட் 230 வோல்ட். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட். யப்பானில் 100 வோல்ட். பெட்டியின் பின்பக்கத்தில் வயர் வெளிவரும் இடத்துக்குக் கிட்ட எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருக்கும். 120 அல்லது 100 என்றிருந்தால், அதை நேரே நமது சொக்கட்டில் குத்திய மறு கணம் புகைதான். அத்தான் வீட்டில் தப்பியதற்குக் காரணம், முன்வீட்டுக்காரர் அப்படி ஒன்றைப் புகைத்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லி வைத்ததுதான். அந்த மனிசன் புண்ணியத்தில் அக்கா வீட்டில் முதலே ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கி வைத்திருந்தார்கள்.

கொழும்பிலும் கண்டியிலும் யப்பானில் பாவித்த பழைய அம்ப், ரிசீவர் எல்லாம் மலிவாக விற்கிறார்கள். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை அநேகமாக 100 வோல்ட். 230-ஐ 100 ஆக்குகிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் சேர்த்து வாங்க வேண்டும். பெட்டியில் 300 வோட் என்று போட்டிருந்தால் ட்ரான்ஸ்ஃபோமர் 500, 600 வோட் தாங்குவதாக இருக்கட்டும். கணக்காக எடுத்தால் சூடேறும். அதன் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ‘மலிவு’ என்று சொல்ல வேண்டும். இன்னொன்று. யப்பான் செட்டில் எஃப்.எம். றேடியோ 76-ல் தொடங்கி 90 அல்லது 95-ல் முடிந்துவிடும். நமது நிலையங்கள் 88-க்கும் 108-க்கும் இடையில். ஆகவே பெரும்பாலான நிலையங்கள் அதில் பிடிபடாது. அது பழுதில்லை, அந்த நாட்டு வழக்கம் அப்படி. றேடியோ கேட்கவென்றே வாங்குகிறவர்கள் இதை முதலே தெரிந்து கொள்ளுங்கள்.

துபாய், கட்டார், குவைத் செட்டுகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. இருந்தாலும் பார்த்துவிட்டே குத்துங்கள்.

வயர் பூட்டும் விதம்

வயரில் இரண்டு கம்பி உண்டு. ஒன்றில் கோடோ நிறமோ அடையாளம் இருக்கும். ரிசீவரில் சிவப்பில் பூட்டியதை ஸ்பீக்கரிலும் சிவப்பில் பூட்டுங்கள், கறுப்பைக் கறுப்பில். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப் போனால் செட் பாடும், ஆனால் சத்தம் சப்பென்று இருக்கும். அடித்தொனி கரைந்துவிடும், பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. “வாங்கினப்ப இருந்த சத்தம் இப்ப இல்லீங்க ஐயா” என்று சொல்கிறவர்கள், வீடு மாறியபோதோ வெள்ளை அடித்தபோதோ வயரைக் கழற்றிப் பூட்டினீர்களா என்று நினைத்துப் பாருங்கள்.

தோல் உரித்த கம்பியை நன்றாக முறுக்கிப் பூட்டுங்கள். தலைமயிர் மாதிரி ஒரு இழை பக்கத்து ஓட்டையைத் தொட்டாலும் போதும், ரிசீவர் ‘புரொட்டெக்ட்’ என்று காட்டி அணைந்துவிடும். சிலர் பயந்து போகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெட்டி தன்னைத்தானே காப்பாற்றிக் கொள்கிறது. அப்படி வந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றுங்கள். வெறும் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். நிலைத்து நின்றால் பெட்டி நல்லது. பிறகு அணைத்து, ஒரு ஸ்பீக்கர் பூட்டிப் போடுங்கள், அணைத்து அடுத்ததைப் பூட்டுங்கள். எதைப் பூட்டியதும் அணைகிறதோ அதில்தான் பிழை. ஒரு வயரும் இல்லாமலே அணைந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். போகும்போது “வயர் எல்லாம் கழற்றிப் பார்த்துட்டேன்” என்று சொல்லுங்கள். பழுது பார்ப்பவருக்கும் நேரம் மிச்சம்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. திருவிழா, கல்யாணம் என்றால் வீட்டு ரிசீவரிலேயே இன்னும் இரண்டு ஸ்பீக்கரைக் கூடப் பூட்டி வாசலுக்கு விடுவோம். ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம், 6 ஓம் என்று போட்டிருக்கும். ஒரே ஓட்டையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்துப் பூட்டினால் பெட்டிக்கு அது 4 ஓம். மாடு இழுக்கிற வண்டியில் இரட்டைச் சுமை ஏற்றுவது போல. அரை மணி பாடும், பிறகு சூடேறி அணையும், தொடர்ந்து செய்தால் எரிந்தும் போகும். வாசலுக்குப் பாட்டு வேண்டுமென்றால் அதற்கு வேறு அம்ப் வாடகைக்கு எடுங்கள்.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. பெட்டியின் மேல் பூப்பின்னல் துணி விரித்து, அதன் மேல் சாமி படமும் பூச்சாடியும் வைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அழகுதான். ஆனால் மேலே உள்ள துவாரங்கள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. மேலே நாலு அங்குலமாவது வெளி இருக்க வேண்டும். பூச்சாடித் தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ரி.வி. சத்தத்தை ரிசீவருக்குக் கொண்டுவருவது

இங்கேதான் இளம் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். ரி.வி.யிலும் ரிசீவரிலும் எச்.டி.எம்.ஐ. ஓட்டைகள் பல இருக்கும். அவற்றில் ஒன்றில் மட்டும் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்கும். ரி.வி.யின் சத்தம் திரும்பி ரிசீவருக்கு வருவது அந்த வழியால்தான். இரண்டு பக்கமும் அதே எழுத்துள்ள ஓட்டையில் பூட்ட வேண்டும். பிறகு ரி.வி. செட்டிங்கில் சத்தம் வெளி ஸ்பீக்கருக்கு என்று மாற்ற வேண்டும். ரிசீவரிலும் ரி.வி.யிலும் ஏ.ஆர்.சி.யும், ‘சி.ஈ.சி.’ என்று கேட்கிற இடமும் திறந்திருக்க வேண்டும். இந்த ஏ.ஆர்.சி. 2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4-ஓடு வந்தது. அதற்கு முந்திய ரிசீவரில் தேடினால் கிடையாது. அப்படிப்பட்டதற்கு ‘ஒப்டிகல்’ வயர் போடுங்கள். அதன் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்ற மறந்து ‘வயர் பழுது’ என்று என்னிடம் கொண்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், வாசித்தால் அவருக்கே தெரியும். ரி.வி.யில் பூட்டி மறு நுனியைப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். வெளிச்சம் இருந்தும் சத்தம் இல்லையென்றால் ரி.வி.யில் ஒலி வடிவத்தை ‘பி.சி.எம்.’ என்று மாற்றிப் பாருங்கள். அநேகமாக வந்துவிடும். ஆனால் ஒப்டிகல் வயரில் பி.சி.எம். போட்டால் இரண்டு தடம் மட்டும்தான் போகும். ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரிந்து வர வேண்டுமானால் ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘டொல்பி டிஜிட்டல்’ என்று இருக்க வேண்டும்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், அதன் முன் பக்கத்தைக் கைத்தொலைபேசிக் கமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பல கமராக்களில் தெரியும். தெரிந்தால் ரிமோட் நல்லது.

ஸ்பீக்கர் வைக்கும் இடத்தைப் பற்றிப் புத்தகங்களில் பாகைக் கணக்கெல்லாம் போட்டிருக்கிறது. நமது பத்தடிக் காம்பராவில் அதெல்லாம் சரிவராது. முன் இரண்டும் ரி.வி.க்கு இரு பக்கமும், சென்டர் ரி.வி.க்குக் கீழேயும், பின் இரண்டும் நீங்கள் உட்காரும் இடத்துக்கு இரு பக்கமும் கொஞ்சம் பின்னால், தலைக்குச் சற்று மேலேயும் இருந்தால் போதும்.

‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் மூன்றாவது காலும்

இதை மட்டும் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள்.

செட்டில் பாட்டு இல்லாத நேரத்திலும் வண்டு இரைகிற மாதிரி ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் சில இடங்களில் வரும். நமது கரண்ட் நொடிக்கு 50 தரம் மாறி ஓடுவதால் வருகிற சத்தம் அது. அநேகமாக டிஷ் அன்ரெனாவின் கேபிள் வழியாக ஒரு நிலத்தொடர்பும் பிளக் வழியாக இன்னொரு நிலத்தொடர்பும் சேர்ந்து ஒரு வட்டம் உண்டாவதுதான் காரணம். டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அதுதான். ரி.வி., ரிசீவர், டிஷ் பெட்டி எல்லாவற்றையும் ஒரே இடத்துச் சொக்கட்டில் குத்திப் பாருங்கள். அதிலேயே பெரும்பாலும் குறைந்துவிடும். குறையாவிட்டால் கேபிளுக்கு நடுவில் பூட்டுகிற ‘ஐசொலேட்டர்’ கடையில் கிடைக்கும்.

ஆனால் நம் பொடியன்கள் செய்கிற வைத்தியம் வேறு. மூன்று கால் பிளக்கில் எர்த் காலை வெட்டி எறிவது, அல்லது உள்ளே பச்சை மஞ்சள் வயரைக் கழற்றிவிடுவது. இரைச்சல் நின்றுவிடும், உண்மைதான். நான் முன்பு வேலை செய்த தோட்டத்தில் பொது மண்டபத்து அம்புக்கு அப்படித்தான் செய்தார்கள். அந்த விஷயம் எனக்குத் தெரியும். தெரிந்தும், இரைச்சல் நின்றதே என்று பேசாமல் இருந்துவிட்டேன். சில மாதம் கழித்து, மழை நாள், மண்டபத்துச் சீமெந்துத் தரையெல்லாம் ஈரம். கலைவிழா ஒத்திகைக்கு வந்த ஒரு பிள்ளை செருப்பில்லாத காலோடு சத்தம் குறைக்கப் போய் அம்பைத் தொட்டது. அப்படியே உதறி விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் மெயின் சுவிட்சை அணைத்ததால் உயிர் தப்பியது. உள்ளே எலி கடித்த வயர் இரும்புப் பெட்டியைத் தொட்டுக் கொண்டிருந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கரண்ட் நிலத்துக்கு இறங்கி, பியூஸ் போயிருக்கும் அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். எர்த் இல்லாததால் யாராவது தொடும்வரை பெட்டியிலேயே நின்றது. அந்தப் பிள்ளையின் தாய் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பல வீட்டு ரிசீவர்களுக்கு இரண்டு கால் பிளக்தான் வரும். அவை இரட்டைக் காவல் போட்டுச் செய்தவை, அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் மூன்று காலோடு வந்ததை இரண்டு காலாக்காதீர்கள். இப்போது நாட்டின் நியமமாக உள்ளது 13 அம்பியர் சதுரக் கால் பிளக். உங்கள் காம்பராவில் பழைய வட்டக் கால் சொக்கட் இருந்தால், குச்சி செருகி எர்த் ஓட்டையைத் திறந்து கம்பியைச் சொருகுவதை விட்டு, சொக்கட்டை மாற்றச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. மாதத்துக்கு ஒரு தரம் அழுத்துங்கள். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், காத்திருக்க வேண்டாம். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும், சிகரெட் பெட்டி ஈயத்தாளும் செம்புக் கம்பியும் கூடவே கூடாது.

கரண்ட் கட்டும் இடியும்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி நாடு முழுக்க இருட்டானபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். நமது தோட்டத்துக் குரங்குகள் மரக்கறியோடு நிற்பது நல்லது. எதற்குச் சொல்கிறேன் என்றால், கரண்ட் போவதால் பெட்டிக்குக் கெடுதல் குறைவு, திரும்பி வரும்போதுதான் மின் அழுத்தம் துள்ளி அடிக்கும். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து பத்து நிமிடம் கழித்துக் குத்துங்கள்.

சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி கூடுதல். அப்போது பிளக் மட்டும் கழற்றினால் போதாது, டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும். கூரையில் இருக்கிற டிஷ்ஷில் இருந்து இறங்குகிற கேபிள் நேராக ரி.வி.க்கும், அங்கிருந்து ரிசீவருக்கும் வழி காட்டுகிறது. இடி முழங்கத் தொடங்கிய பிறகு போய்க் கழற்ற வேண்டாம், மேகம் கறுக்கும்போதே செய்யுங்கள்.

வெள்ளத் தண்ணீர் பட்ட பெட்டியைக் காய வைத்து நாமே போட்டுப் பார்க்கக் கூடாது. 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கில் எங்கள் சனம் பட்ட பாட்டில் ரி.வி.யும் றேடியோவும் எத்தனை போனது! வெளியே காய்ந்தாலும் உள்ளே சேறு இருக்கும். அதைத் திறந்து கழுவிக் காய வைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பக்கத்துக் காம்பரா

லயத்தில் ஒரு கூரை, ஒரு சுவர். வசனமும் பாட்டும் சுவரில் ஓரளவு தடைப்படும், ஆனால் சப் வூஃபரின் ‘தம் தம்’ சுவரையும் தரையையும் ஆட்டிக் கொண்டு நாலாம் காம்பராவுக்கும் போகும். உங்களுக்கு மெதுவாகக் கேட்பது அங்கே தலையிடி. அங்கே சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம், இரவு பெக்டரி வேலை முடித்துப் படுத்தவர் இருக்கலாம். சப் வூஃபரை மூலையில் வைத்தால் சத்தம் இன்னும் கூடும். பொதுச் சுவரில் இருந்து தள்ளி, அடியில் தடித்த இறப்பர் துண்டோ பழைய கால்மிதியோ போட்டு வையுங்கள். இரவில் அதைத் தனியாக அணைக்கலாம். படம் ஒன்றும் குறைந்து போகாது.

வெளியே ஒலிபெருக்கி வைப்பதென்றால் அது வேறு. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை, மற்ற நேரத்திலும் பொலிஸ் அனுமதிப்பத்திரம் வேண்டும். கோயில் கமிட்டிக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நமது காதையும் பார்க்க வேண்டும். பெக்டரியில் ரோலர் இரைச்சலில் எட்டு மணித்தியாலம் நின்றவரின் காது ஏற்கெனவே களைத்திருக்கும். அவருக்கு வீட்டுச் சத்தம் குறைவாகத் தெரிய, அவர் இன்னும் கூட்டுவார். ஒரு கை நீட்டுகிற தூரத்தில் இருப்பவரோடு கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் கூடிப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் அத்தானுக்கு உழவு மெசின் செய்ததை வீட்டு ஸ்பீக்கர் நமது பிள்ளைகளுக்குச் செய்ய விடக்கூடாது.

செட் பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வர வேண்டாம். பின்பக்கத்தில் உள்ள பெயர், மொடல் இலக்கம், எத்தனை வோல்ட், எத்தனை ஸ்பீக்கர் பூட்டியிருக்கிறது, ‘டெஸ்ட் டோன்’ எதில் வந்தது எதில் வரவில்லை என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். கைத்தொலைபேசியில் பின்பக்கத்தைப் படம் எடுத்து வந்தால் இன்னும் நல்லது. புதன்கிழமை பின்னேரம் நலன்புரி அலுவலகத்தில் இருப்பேன்.